பாஸ்

திருவோணத்துக்கு நாலு நாள் முன்பு
இரவு ஒன்று நாற்பதுக்கு
மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியிலிருந்து
நாச்சிமுத்து கூப்பிட்டார்.
"அம்மிணி, நீங்க அனுப்புன மெசேஜ்ல பாஸ் ஆயிருச்சு.
இவங்க கம்ப்யூட்டர்ல நான் பொறக்கவே இல்லியாம்."

பொள்ளாச்சியில், ஆபீஸ் மாடியில்
திரையைத் திறந்தேன்.
பன்னிரண்டாயிரம் லிட்டர்,
வண்டி எண், ஏற்றிய நேரம்,
எதிரே பச்சையில்: முடிந்தது.

முடியவில்லை.
எல்லைக்கு அந்தப் பக்கத்து சர்வர்
சாயங்காலம் ஏழிலிருந்தே
ஐநூற்று மூன்று, ஐநூற்று மூன்று என்று
சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
இப்போது ஆகாது, பிறகு வா.
மரியாதையான பதில்தான்.
நான்தான் என் ஸ்கிரிப்டைக்
காதில் பஞ்சு வைத்து அனுப்பியிருந்தேன்.

மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை,
கடைசி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் எழுதியது:
எந்தப் பிழை வந்தாலும்
பாஸ்.
கம்ப்யூட்டருக்கு அதன் பொருள்
ஒன்றும் செய்யாதே, அடுத்த வரிக்குப் போ.
சாவடிக்கு அதன் பொருள்
சீல் வைத்த ஒரு காகிதம்.
அதை எழுதிய கையால்
இதை வாங்கித் தர முடியவில்லை.

"ஏத்தும்போது நாலு டிகிரி," என்றார்,
"இப்ப ஏழு."
பாலுக்கும் டைம்அவுட் உண்டு.
அதை யாரும் எனக்கு ஆவணத்தில் தரவில்லை.

போன் கை மாறியது. லேபில் சுஹறா.
"பால் நல்லதாணு, ஞான் நோக்கி.
பக்ஷே சிஸ்டத்தில் வண்டி இல்லல்லோ."
அவள் குரலுக்குப் பின்னால் பதினாறு ஹாரன்.

பதறிப்போய்
நிறுத்தாமல் கேட்கும்படி ஒரு சுற்று எழுதினேன்.
விநாடிக்கு முப்பது முறை தட்டினேன் கதவை.
நானூற்று இருபத்தொன்பது.
ரொம்பக் கேட்கிறாய், தள்ளி நில்.
அந்த ஹாரன்களில் பதினேழாவது நான்.

தள்ளி நின்றேன்.
இரண்டு விநாடி பொறுத்து ஒருமுறை.
நாலு.
எட்டு.
ஒவ்வொரு தோல்விக்கும் பொறுமை இரட்டிக்க வேண்டும்
என்பதுதான் கணக்கு.
முப்பத்திரண்டு விநாடி இவ்வளவு நீளம் என்று
அன்றுதான் கண்டேன்.
அணைக்காத போன் வழியே
கணவாய்க் காற்று பனையோலையை அறைவது கேட்டது.
நாச்சிமுத்து யாரிடமோ சிரித்தார்:
"என் செல்லுக்கு மட்டும்
கேரளத்துக்கு நல்வரவுன்னு வந்திருச்சு பாரு.
டவர் உட்டுருச்சு,
கம்பந்தான் தூக்க மாட்டேங்குது."

இரண்டு முறை பதிலே வரவில்லை.
மூன்றாவதில் இருநூறு.
பச்சையை நம்பாமல்
வந்த பதிலைப் பிரித்து
ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.
பதிவு எண் இருந்தது.
வாய்விட்டுச் சொன்னேன். சுஹறா திருப்பிச் சொன்னாள்.
ஏர் பிரேக் விடும் மூச்சு கேட்டது.

ஐந்து நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள்.
"சேச்சீ, ஒரே வண்டி மூணு தவண கேறியிட்டுண்டு."
பதில் வராதவை
போய்ச் சேராதவை அல்ல.
அந்த இரண்டும் போய்ச் சேர்ந்து
உட்கார்ந்து
பெயர் எழுதிக்கொண்டுவிட்டன,
எனக்குத்தான் சொல்லவில்லை.

காலையில் பாஸை அழித்தேன்.
அந்த இடத்தில் எழுதியது:
நிறுத்து. என்ன பிழை என்று எழுதி வை.
டிரைவரிடம் பொய் சொல்லாதே.
என்னை எழுப்பு.
அதிலிருந்து வாரம் இரண்டு இரவு எழுப்புகிறது,
திட்டிக்கொண்டே எழுகிறேன்.

கூடுதல் பதிவுகளை நீக்கச் சொல்லி
மூன்று மனு கொடுத்தாயிற்று.
மூன்றும் பரிசீலனையில்.
இல்லாத இரண்டு டேங்கர்
இருபத்து நாலாயிரம் லிட்டர் பாலோடு
கொல்லங்கோட்டுக்கும் நெம்மாறைக்கும் நடுவே எங்கோ
இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன,
திரியாமல்.